பிரகாசம் சிரித்த மூன்று நொடி

மைசூரில் தூங்குவதற்குப் பயந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அது பிரகாசம்தான். பேய்க்கோ பிசாசுக்கோ அல்ல, மனைவி ஜெசிந்தாவுக்குப் பயந்து. மனிதர் மல்லாந்து படுத்துக் கண் அசர வேண்டியதுதான், அவள் அடுப்படியில் இருந்தாலும் ஓடி வந்து அவர் மூக்குக்கு அடியில் விரலை வைத்துப் பார்ப்பாள். மூச்சு வருவது தெரிந்தாலும் மனசு ஆறாது. தோளைப் பிடித்து உலுக்குவாள்.

"ஏங்க! ஏங்க!"

"என்னடி? என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. தூங்குங்க."

எங்கே தூங்குவது? மூன்று வருஷமாக இதே கூத்து. ஒருக்களித்துப் படுத்தால் விட்டுவிடுவாள். ஆனால் பிரகாசத்துக்கு மல்லாந்து படுத்தால்தான் தூக்கம் வரும், கர்த்தர் அப்படிப் படைத்துவிட்டார். ஜெசிந்தாவும் எளிதில் பயப்படுகிறவள் இல்லை. ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷமாக நர்ஸ். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, முகத்தில் துணியை இழுத்துவிட்டவள். அப்பேர்ப்பட்டவளை இந்தப் பாடு படுத்தியது ஒரு சினிமா.

பிரகாசத்துக்கும் சினிமாவுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. தேவராஜ மொஹல்லாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்குக் கண்ணாடியைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை. வயது இப்போது ஐம்பத்திரண்டு. ரொம்பச் சாது. அவருக்குக் கோபம் வந்தால்கூட மெதுவாகத்தான் வரும், வந்து சேர்வதற்குள் காரணம் மறந்துபோகும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சீனு கடைக்கு வந்தான். சினிமாக்காரர்களுக்குக் கூட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவன். மூக்குக்கண்ணாடியில் திருகாணி கழன்றுவிட்டதென்று வந்தவன், பிரகாசம் அசையாமல் குனிந்து திருகாணி போடுவதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அண்ணா, நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு மார்க்கெட் வாசலுக்கு வந்துடுங்க. ஷூட்டிங்."

"எனக்கு நடிக்கத் தெரியாதுப்பா."

"நடிக்கவே வேணாம். சாவணும், அவ்வளவுதான்."

படத்தின் பெயர் 'பஞ்சவஜ்ரம்'. ஐந்து அதிசய வீரர்கள். ஒருவர் பறப்பார், ஒருவர் கையில் நெருப்பு வரும், ஒருவர் மண்ணுக்குள் நீந்துவார், ஒரு பெண் விரலைச் சொடுக்கினால் காலமே நின்றுபோகும், இன்னொருவர் கண்ணுக்கே தெரியமாட்டார். கண்ணுக்குத் தெரியாதவருக்குத்தான் சம்பளம் அதிகம் என்று கேள்வி. முக்கால் படம் வரைக்கும் ஐந்து பேரும் நாயும் பூனையுமாகச் சண்டை போடுவார்கள். அப்போது வில்லன் ஒரு ஆட்டோவைத் தூக்கி எறிவான். அதற்கு அடியில் ஒரு சாதாரண மனிதன் நசுங்கிச் சாவான். அவன் முகத்தைப் பார்த்துத்தான் ஐவரும் மனம் மாறி ஒன்று சேர்வார்கள். அந்தச் சாதாரண மனிதன்தான் நம்ம பிரகாசம்.

மூன்றரை மணிக்கு எழுந்து வந்தவரை ஸ்பஞ்சில் செய்த ஆட்டோவுக்கு அடியில் படுக்கவைத்து, நெற்றியில் சிவப்புப் பாகைத் தடவினார்கள். இளங்குளிர், சில்லென்ற காற்று, மார்க்கெட் பக்கமிருந்து மல்லிகை வாசனை வேறு. ஐந்து வீரர்களும் சுற்றி நின்று நாலு நிமிஷம் வசனம் பேசினார்கள். அரை நிமிஷத்திலேயே பிரகாசம் தூங்கிப்போனார். நடிப்பெல்லாம் இல்லை, அசல் தூக்கம்.

சினிமாக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடித்த பிறகுதான் அடுத்த வேலை. இல்லாவிட்டால் ஆகாதாம். அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வராது, சும்மா சேர்ந்து கிடக்கும். லைட்மேன் ஒருவர் பிரகாசத்தின் காலை ஆட்டி, "எந்திரிச்சுச் சிரிங்கண்ணா" என்றார். பிரகாசம் கண்ணைத் திறந்தார். நெருப்புக் கை ஒருவர், சிறகோடு ஒருவர். தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிய ஒரு நொடி பிடித்தது. தெரிந்ததும் சிரித்தார்.

டைரக்டர் ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "மூச்சு விடறதே தெரியல சார்! நடிப்புன்னா இதுதான்!" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அந்த இடத்தில் 'தூங்கிட்டேன் சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனிதர்தானே! சாயங்காலத்துக்குள் சீனு ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டான். அடுத்த வாரம், தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை போர்த்திய பிறகு எப்படிச் சொல்வது? பாவசங்கீர்த்தனத்தில், பாவமெல்லாம் சொல்ல வேண்டிய சாமியாரிடம்கூட, அவர் அதைச் சொல்லவில்லை.

படம் வந்தபோது ஜெசிந்தா புதுப் புடவை கட்டிக்கொண்டு போனாள். திரையில் புருஷனின் முகம் பஸ் அளவுக்கு வந்து நின்றது. கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் ரத்தம். அவள் எழுந்தாள், வெளியே போனாள், தியேட்டர் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். பிரகாசம் பின்னாலேயே ஓடினார்.

"நடிப்புதானடி!"

"நான் எத்தனை மூஞ்சி பாத்திருக்கேன்? அது செத்த மூஞ்சிதாங்க. அப்படியே இருந்துச்சு. இனிமே இந்தப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன்."

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் மூக்குக்கு அடியில் விரல். உண்மையைச் சொல்லலாமென்று எத்தனையோ நாள் வாயெடுத்தார். பீரோவைத் திறந்தால் பொன்னாடை தெரியும். வாயை மூடிக்கொள்வார்.

இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறார்கள் என்றதும் பிரகாசத்துக்கு ஒரு யோசனை வந்தது. அதில் கூட்டத்தில் ஒரு ஆளாக உயிரோடு நின்றுவிட்டால் போதும், ஜெசிந்தா மனசிலிருந்து அந்த முகம் போய்விடும். மீசையை மழித்துக்கொண்டு ஷூட்டிங்குக்குப் போய் வரிசையில் நின்றார். அங்கே சௌம்யா என்று ஒரு உதவி டைரக்டர், கையில் டேப்லெட். முதல் பாகத்தில் செத்தவர்கள் அத்தனை பேர் போட்டோவும் அதில் இருந்தது.

"அங்கிள், நீங்க போன பார்ட்லயே சத்தோய்த்து" என்றாள் பாவமாக. செத்துப்போய்விட்டார் என்பதை கன்னடம் கலந்த தமிழில் அப்படிச் சொன்னாள்.

"ஓரமா நிக்கறேன்மா. முதுகை மட்டும் காட்டறேன்."

"நீங்க செத்ததாலதான் அவங்க ஒண்ணு சேந்தாங்க. நீங்க வந்தா கதையே போச்சு."

மீசையில்லாமல் வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து, "மாதாவே, இது இன்னும் மோசமா இருக்கே!" என்றாள் ஜெசிந்தா. மீசை வளர்கிற வரைக்கும் விரல் வைப்பது இரண்டு மடங்கானது.

'பஞ்சவஜ்ரம் இரண்டு' ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. முதல் பாகத்தில் ஐந்து வீரர்கள், இதில் ஒன்பது பேர், பெயர் மட்டும் பஞ்சவஜ்ரமாகவே இருந்தது. ஒவ்வொருவரும் நடந்து வரவே பத்து நிமிஷம், அதுவும் மெதுவாக. விமர்சனம் எழுதியவர்கள் எல்லாம் கிழி கிழி என்று கிழித்தார்கள். இடைவேளைக்கு அப்புறம் பாப்கார்ன் கடையில் இருந்த கூட்டம் உள்ளே இல்லை என்று எழுதினார் ஒருவர்.

அன்று மத்தியானம் பிரகாசத்துக்கு மகள் நிம்மியிடமிருந்து போன். காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு முதல் ஷோவுக்குப் போயிருந்தாள்.

"டாடி! நீங்க படத்துல இருக்கீங்க! உயிரோட! நிஜவாகலூ, நிஜமாவே!"

நடந்தது இதுதான். கடைசியில் வில்லன் ஒழிந்து, ஊரே சந்தோஷப்படுகிற காட்சி. சிரிக்கிற முகங்கள் நிறைய வேண்டும். எடிட்டிங்கில் யாரோ அவசரத்தில் பழைய சேமிப்பில் தேடியிருக்கிறார்கள். 'மைசூர் கூட்டம், சிரிப்பு' என்று ஒன்று கிடைத்திருக்கிறது. அதை எடுத்து ஒட்டிவிட்டார்கள். நெற்றி ரத்தத்தோடு, ஸ்பஞ்சு ஆட்டோவுக்கு அடியிலிருந்து பிரகாசம் எழுந்து சிரிக்கிறார். மூன்று நொடி. சௌம்யா உயிரோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள், பிணம் பின்பக்கமாக உள்ளே போய்விட்டது.

இரண்டே நாளில் ஒரே அமர்க்களம். செத்தவன் எப்படிச் சிரிக்கிறான்? அவன்தான் சாகாவரம் பெற்ற பத்தாவது வீரன் என்றார்கள் சிலர். இரட்டைப் பிறவி என்றார்கள். ஐவரையும் ஏமாற்றி ஒன்று சேர்த்த சூத்திரதாரியே அவன்தான் என்று ஒருவர் முக்கால் மணி நேரம் வீடியோவில் விளக்கினார். ஒவ்வொரு நொடியையும் நிறுத்தி, நிறுத்தி, பெரிதாக்கி ஆராய்ந்தார்கள். காலியாகக் கிடந்த தியேட்டர்கள் நிரம்ப ஆரம்பித்தன, அந்த மூன்று நொடிக்கு விசில் அடிக்கத்தான். கண்ணாடிக் கடைக்குக் கண் நன்றாக இருப்பவர்கள் எல்லாம் வந்தார்கள்.

ஜெசிந்தா மட்டும் அசையவில்லை. போனில் காட்டப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "ரத்தம் இருக்கில்ல? அப்ப எனக்கு வேணாம்."

செவ்வாய்க்கிழமை படக் கம்பெனி மன்னிப்புக் கேட்டது. தவறான காட்சியை நீக்கிவிட்டதாகவும், வெள்ளிக்கிழமை முதல் எல்லாத் தியேட்டரிலும் புதிய பிரதி ஓடும் என்றும் அறிவித்தது. இணையத்தில் சுற்றிய துண்டுகளையும் ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தார்கள்.

புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது பிரகாசம் கெஞ்சுவதை விட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "நாளையோட சிரிக்கிறவனை எடுத்துடுவாங்க ஜெசி. அப்புறம் செத்தவன் மட்டும்தான் மிச்சம்."

அவள் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மறுநாள் டியூட்டிக்குக் கிளம்பி செருப்பை மாட்டும்போது, "ரெண்டே முக்கால் ஷோதானே? நேரா அங்க வந்துடறேன்" என்றாள்.

வியாழக்கிழமை தியேட்டர் நிரம்பி வழிந்தது. கடைசி தரிசனத்துக்கு வந்த கூட்டம். ஜெசிந்தா நர்ஸ் உடுப்போடு வந்து பிரகாசத்துக்கும் நிம்மிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ஒன்பது வீரர்கள் பறந்தார்கள், விழுந்தார்கள், மெதுவாக நடந்தார்கள். அவள் கையில் ஜெபமாலை உருண்டுகொண்டே இருந்தது. கடைசிக் காட்சி வந்தது. "மம்மி, இப்ப, இப்ப!" என்றாள் நிம்மி. அவள் 'இப்ப' என்றதுதான் தாமதம், ஜெசிந்தா இரண்டு கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டாள்.

தியேட்டர் அதிர்ந்தது. விசில், கைதட்டல், காகிதம். அடங்கியதும் கண்ணைத் திறந்தாள். திரையில் வேறு யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ மம்மி! போச்சு!" நிம்மி தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னால முடியலடி" என்றாள் ஜெசிந்தா.

பிரகாசம் மனைவியைப் பார்த்தார். இனி எந்த ஜென்மத்தில் இந்த மூன்று நொடி வரப்போகிறது? ஐம்பத்திரண்டு வருஷத்தில் குரலை உயர்த்தாத மனிதர் எழுந்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஒன்ஸ் மோர்!"

முன் வரிசைக்காரர்கள் திரும்பினார்கள். ஒருவன் போன் வெளிச்சத்தை முகத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, "டேய், அவரேடா!" என்று அலறினான். அப்புறம் கேட்கவா வேண்டும்! தரையை உதைத்து, நாற்காலியைத் தட்டி, ஆயிரம் தொண்டை ஒன்றாக "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" ஆப்பரேட்டர் மட்டும் மனுஷன் இல்லையா? படத்தை நிறுத்தி, பின்னால் கொண்டுபோய், மறுபடி விட்டார்.

பிரகாசம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "பாரு ஜெசி. நான் இங்கதான் இருக்கேன். பாரு."

பார்த்தாள். பஸ் அளவு முகம், நெற்றியில் ரத்தம். கண் திறக்கிறது. இங்குமங்கும் திருதிருவென்று விழிக்கிறது. புறங்கையால் கடைவாயைத் துடைத்துக்கொண்டு, இடது காதை ஒரு சொறி சொறிந்துவிட்டு, அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரிக்கிறது.

ஜெசிந்தா விருட்டென்று எழுந்தாள்.

"யேசுவே! இந்த மனுஷன் தூங்கியிருக்காரு!"

வார்டு முழுக்கக் கேட்கிற குரல் அது. தியேட்டர் கப்சிப்.

"காதைச் சொறியறாரு பாருங்க! இருபத்தஞ்சு வருஷமா தெனமும் காலையில பாக்கறேன், தூங்கி எந்திரிச்ச மூஞ்சி இதுதான்! நடிப்பாம் நடிப்பு! அங்க போயித் தூங்கியிருக்கீங்க!"

ஊர் உலகமே நொடி நொடியாக நிறுத்திப் பெரிதாக்கி ஆராய்ந்தும் கண்டுபிடிக்காததை மூன்றே நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். பிரகாசத்துக்குக் காது மடல் வரை சிவந்தது. பொன்னாடை, டைரக்டர் கண்ணீர், எல்லாம் அந்த இடத்திலேயே காலி.

"ஆமா" என்றார் சின்னக் குரலில். "தூங்கிட்டேன்."

தியேட்டர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த ஒன்பது வீரர்களும் சேர்ந்து செய்த சத்தத்தைவிட அதிகம். ஜெசிந்தா அவர் தோளில் மாறி மாறிக் குத்தினாள். "மூணு வருஷம்! செத்த மூஞ்சி, செத்த மூஞ்சின்னு மூணு வருஷம் துடிச்சேனே பாவி! தூங்கற மூஞ்சியா அது?" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து, மூக்கை நர்ஸ் உடுப்பின் கையிலேயே துடைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை புதிய பிரதி வந்தது. பிரகாசத்தின் சிரிப்பு போயிற்று. கூட்டமும் போயிற்று, அடுத்த வாரம் படத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு, பிரகாசம் கூடத்தில் பாயை விரித்து மல்லாந்து படுத்தார். கண் மூடி, வாய் லேசாகத் திறந்தது. நிம்மி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பாய்க்குப் பக்கத்தில் நின்று அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். விரலை நீட்டவில்லை.

"அந்தச் சத்தத்தைக் கொறைடி" என்றாள் மகளிடம். "டாடி தூங்கறாரு."