ஜெயவேல் மாமாவின் நாலாவது சர்வீஸ்

எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களில் லேமினேஷன் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிற ஒரே ஆள் ஜெயவேல் மாமாதான். மூலையில் கடுகளவு குமிழி இருந்தால் போதும், திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"இங்க ஒரு பொட்டு நிக்குது பாரும்மா. இன்னொருவாட்டி உட்டு எடு."

புடவையில் இழை தப்பியிருக்கிறதா என்று பார்க்கிற கண் அது. இருபத்திரண்டு வருஷம் தறிக்குழியில் இறங்கி மிதி மிதித்தவர். வலது முட்டி தேய்ந்து, டாக்டர் இனிமேல் குழிப்பக்கமே போகக்கூடாது என்று சொன்ன பிறகு, பேங்க் கடனில் ஒரு கார் வாங்கி மஞ்சள் போர்டு மாட்டிக்கொண்டார். தறியில் இப்போது அவர் மனைவி கமலம் அத்தை உட்காருகிறாள். இரண்டு பேரும் எங்கள் எதிர்வீடு. சொந்தம் இல்லை, மாமா அத்தை என்று கூப்பிட்டுப் பழக்கம்.

மாமா கார் ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காந்தி ரோட்டில் சைக்கிள்காரர்கள் அவரை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள், காட்பாடியில் ரயில் பிடிக்கிறவர்கள், ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அவர்தான் வேண்டும். குழந்தை வாந்தி எடுக்காமல் போய்ச் சேரும் என்பார்கள்.

கார் வாங்கும்போது கம்பெனி ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. கம்பெனி பெயரை நான் சொல்ல மாட்டேன், எனக்கு எதற்கு வம்பு. மூன்று வருஷத்துக்குள் இஞ்சினில் பெரிய கோளாறு வந்தால் ஒரு பைசா வாங்காமல் சரிசெய்து தருவார்கள். அதுதான் வாரன்டி. ஆனால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வேலூரில் இருக்கிற அவர்கள் ஒர்க்ஷாப்பிலேயே சர்வீஸ் விட வேண்டும். ஒன்று தவறினாலும் வாரன்டி கிடையாது.

மாமா ஒன்றும் தவறவிடவில்லை. ஒவ்வொரு சர்வீஸ் முடிந்ததும் அந்த பில்லை எங்கள் கடைக்குக் கொண்டுவந்து லேமினேஷன் போட்டு ஃபைலில் வைப்பார். ஊரில் கல்யாணப் பத்திரிகையைக்கூட யாரும் இவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

போன வருஷம் ஆடியில் நாலாவது சர்வீஸ் முடித்து வந்தவர் நீட்டிய பில் வேறு மாதிரி இருந்தது. அன்றைக்கு ஒர்க்ஷாப்பில் நெட் இல்லையாம். கம்ப்யூட்டர் பில்லுக்குப் பதிலாக, சுருண்டுகொள்கிற வழவழப்பான சின்னத் துண்டு ஒன்றை மெஷினில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தில் மை கிடையாது. சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் எழுத்து. லேமினேஷன் மெஷினுக்குள் விட்டால் காகிதம் முழுக்கச் சூடு படும், முழுக்கக் கறுக்கும்.

இது எனக்குத் தெரியும். கடைக்கார சுகன்யா அக்கா முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது. பத்தாவதில் கணக்கைக் கோட்டைவிட்டுவிட்டு வந்தவள்தான் நான், ஆனால் சொன்னது மறக்காது.

அன்றைக்கு அதற்கு முன்னால்தான், யாருக்காகவோ கொண்டுவந்த ஒரு மார்க் ஷீட்டை அவர் மூன்று தடவை திருப்பிக் கொடுத்திருந்தார். எனக்கு மண்டை காய்ந்துபோயிருந்தது. "போட்ரலாமா மாமா?" என்று கேட்டேன். "போடும்மா" என்றார். போட்டேன்.

கறுப்பாக வந்த அட்டையை வழக்கம்போல வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வெளிச்சம் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

"இன்னாம்மா இது, அமாவாசையாட்டம் கீது?"

"பேப்பர் அப்படி மாமா."

கொஞ்ச நேரம் பார்த்தார். "நான்தான் கேட்டுட்டு குடுத்துருக்கணும்" என்று சொல்லி, பத்து ரூபாயைக் கொடுத்துவிட்டு, அதையும் ஃபைலில் வைத்துக்கொண்டு போனார். ஓரம் நான்கும் சரியாக இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்த்தார். நான் இரண்டு நாள் சிரித்தேன். தெருவில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன்.

இந்த வருஷம் ஆனி கடைசியில், காட்பாடியில் ஆளை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, கண்ணமங்கலம் தாண்டி இஞ்சின் கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வேலூருக்கே போனார்கள். ஆயில் பம்பு வேலை செய்யாமல், உள்ளே எண்ணெய் ஏறாமல், இரும்போடு இரும்பு உரசி இஞ்சின் இறுகிவிட்டது என்றார்கள். ஐம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. மூன்று வருஷம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

மாமா ஃபைலோடு போனார். ஒர்க்ஷாப்பில் டை கட்டிய அட்வைசர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம், முப்பதாயிரத்துக்கு அப்புறம் ஐம்பதாயிரம் சர்வீஸ்தான் இருக்கிறது, நடுவில் நாற்பதாயிரம் இல்லை, வெளியில் எங்கேயோ மலிவாகச் செய்திருக்கிறீர்கள், வாரன்டி கிடையாது. மாமா கறுப்பு அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். அங்கே நின்ற நாலு பேரும் சிரித்திருக்கிறார்கள். கையில் காசு கொடுத்துத்தான் பழக்கம் என்பதால் போனில் பணம் கட்டிய சாட்சியும் இல்லை.

இதை அவர் எங்கள் கடையில் நின்றுதான் சுகன்யா அக்காவிடம் சொன்னார்.

"இத வெளுக்க வெக்க எதுனா மருந்து கீதாம்மா?"

"வராதுண்ணே. சூடு பட்டா பட்டதுதான்." அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஸ்டேப்ளரில் பின் போட்டேன். அதில் ஏற்கெனவே நிறைய இருந்தது.

"யாரு போட்டது இத?"

"அவள ஒண்ணும் சொல்லாதம்மா. நான்தான் போடச் சொன்னேன். அவசரக்குடுக்க வேல" என்றார் மாமா.

புது இஞ்சினுக்கு அவர்கள் சொன்ன தொகையில் பாதிக் கார் வாங்கலாம். வாரன்டி கிடைக்காவிட்டால் வண்டியை இரும்பு விலைக்குப் போட்டுவிட்டு, அந்த முட்டியோடு திரும்பக் குழியில்தான் இறங்க வேண்டும். ஆடி வேறு பிறக்கப் போகிறது, ஐந்து வெள்ளிக்கும் படவேடு டிரிப் பேசி வைத்திருந்தார்.

சாயங்காலம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். வாசற்படி வரைக்கும் தைரியமாகத்தான் போனேன். உள்ளே கமலம் அத்தை பரணைக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டியே பூடுச்சி, இந்தக் கழிவ இன்னாத்துக்கு இன்னும் சேத்து வெச்சிகினு கீற? ஊடே எண்ணெ நாத்தம். மொதல்ல எடுத்து வெளிய போடு."

மாமா ஸ்டூல் மேல் ஏறிப் பழைய ஜரிகைப் பெட்டி ஒன்றை இறக்கினார். உள்ளே ஐந்து பொட்டலம். நியூஸ்பேப்பரில் சுற்றி, மிச்சப் பட்டு நூலால் கட்டியிருந்தது. ஒன்று மாம்பழ மஞ்சள், ஒன்று அரக்கு, ஒன்று மயில் கழுத்து. நான் ஒன்றைப் பிரித்தேன். சொம்பளவு தகர டப்பா. இஞ்சின் எண்ணெயை வடிகட்டுகிற ஆயில் ஃபில்டர்.

"இது எதுக்கு மாமா?"

"சர்வீஸ்ல பழச கழட்டிட்டுப் புதுசு போடுவாங்க. பழச நான் கேட்டு வாங்கிகினு வந்துடுவேன்."

"அதான் எதுக்கு?"

அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. "இன்னாம்மா பேசுற. முதலாளி பட்ட எட போட்டு குடுக்கறாரு. புடவையும் கழிவு நூலும் சேத்து அதே எடைக்கு திருப்பிக் குடுத்தாத்தான் நாம யோக்கியன். கழிவ எவனாச்சும் தூக்கிப் போடுவானா?"

"இது உன் பொருளு. எந்த முதலாளி வந்து கேக்கப் போறான்?" என்றாள் அத்தை.

"கேட்டா?" என்றார் மாமா.

நான் டப்பாவை விளக்குப் பக்கம் திருப்பினேன். அடியில் வெள்ளை பெயின்ட் பேனாவால் கிறுக்கியிருந்தது: 40180, பக்கத்தில் அ.கு. என்று இரண்டு எழுத்து. ஐந்தையும் பிரித்தோம். புது வண்டியோடு வந்த முதல் டப்பாவைத் தவிர எல்லாவற்றிலும் எண் இருந்தது. மாட்டும்போது ஓடியிருந்த கிலோமீட்டரை ஒர்க்ஷாப் பையன் எழுதிவிடுவானாம். கம்ப்யூட்டரில் நாலு சர்வீஸ். பெட்டியில் ஐந்து ஃபில்டர்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. "நானும் வேலூருக்கு வரேன் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

புதன்கிழமை சென்னையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் வருவார், வாரன்டி விஷயத்தை அவர்தான் முடிவு செய்வார் என்றார்கள். மாமா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னா சார், கருவாடா?" என்று கேட்டார். "சாட்சி" என்றார் மாமா.

இன்ஜினியர் ஒரு அக்கா. இளமதி என்று சட்டையில் பெயர் இருந்தது. அட்வைசர் அவர் காதுக்குள் ஏதோ சொல்ல, அவர் தலையாட்டிவிட்டு, "பில் ஏன் இல்லைன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க சார்" என்றார்.

மாமா பேனாவை என்னிடம் தள்ளினார். "எழுதும்மா. என்னோட அறியாமையால பில்ல லேமினேஷன் போட்டுக் கெடுத்துட்டேன், மன்னிச்சு உதவி செய்யவும். அவ்ளோதான்."

அனுப்புநர், பெறுநர், ஐயா என்று வரிசையாக எழுதினேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு முழு மார்க் வந்த ஒரே கேள்வி கடிதம்தான். 'என்னுடைய அறியாமையால்' என்ற இடத்தில் பேனா நின்றது. அடித்துவிட்டு வேறு எழுதினேன். மாமா படித்துப் பார்க்கவில்லை. லேமினேஷனில் குமிழி தேடுகிற மனுஷன், நான் எழுதியதில் அப்படியே கையெழுத்துப் போட்டார்.

இளமதி அக்கா வாய்விட்டே படித்தார். "கறுப்பாகிவிடும் என்று தெரிந்தே கடைப் பெண் விளையாட்டுக்குச் செய்தது. இதில் இவர் தவறு ஒன்றும் இல்லை." நிமிர்ந்து பார்த்தார். "யார் அந்தக் கடைப் பெண்?"

"நான்தான்" என்றேன்.

அட்வைசர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமா என்னைப் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார், பிறகு கயிறு கட்டியிருந்ததை அவிழ்க்க ஆரம்பித்தார்.

ஐந்து பொட்டலமும் மேஜைமேல் வரிசையாக வந்தன. இளமதி அக்கா முதலில் பட்டு நூலைத்தான் தொட்டுப் பார்த்தார்.

"கழட்டின ஃபில்டரை யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போவாங்களா சார்?"

"நாங்க எடுத்துகினு போவோம்மா" என்றார் மாமா.

இளமதி அக்கா டப்பாவின் மேல் கம்பெனி அச்சடித்திருந்த சரக்கு எண்ணைப் படித்து யாருக்கோ போன் செய்தார். நாற்பதாயிரத்தில் மாட்டிய டப்பா, கம்பெனியிலிருந்து இந்த ஒர்க்ஷாப்புக்கே போன வருஷம் ஜூன் மாதம் வந்த சரக்கு. அதற்கு முந்தைய சர்வீஸ் ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அப்படியானால் நடுவில் ஒருமுறை வண்டி இங்கே வந்திருக்கத்தான் வேண்டும். "அ.கு. யாரு?" என்று கேட்டார். உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஒரு மெக்கானிக் வந்தான். அஜித்குமார்.

"என் கையெழுத்துதான் மேடம். இந்த சார எனக்கு நல்லாத் தெரியும். பழைய ஃபில்டர கேட்டு வாங்கிகினு போற ஒரே கஸ்டமர். கொழம்பு வெக்கவா சார்னு ஒவ்வொருவாட்டியும் கேப்பேன்."

பிறகு இளமதி அக்கா ஒவ்வொரு டப்பாவையும் அறுக்கச் சொன்னார். உள்ளே விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாகக் காகிதம். விரலால் தடவிப் பார்த்தார். இரும்புத்தூள் எதிலும் இல்லை. வண்டியை ஒழுங்காகத்தான் பராமரித்திருக்கிறார், பம்புதான் பழுது என்று அட்வைசரிடம் சொல்லிவிட்டு, வாரன்டி தாளில் கையெழுத்துப் போட்டார். மாமா அறுத்த டப்பாக்களைத் திரும்பப் பொட்டலம் கட்டினார்.

"அது இங்க இருக்கட்டும் சார், ரெக்கார்டுக்கு வேணும்" என்றார் அக்கா.

மாமா யோசித்தார். "அப்ப வாங்கிக்கினதா ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடுங்கம்மா."

எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்ணமங்கலம் வரைக்கும் மாமா அந்தச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாகவே வந்தார். நான் ஜன்னல் கம்பியை எண்ணினேன். மொத்தம் நாலுதான், சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

"அன்னிக்கு எல்லாருக்கும் நடிச்சிக் காட்னியாமே" என்றார் கடைசியில்.

"ம்."

"எப்பிடி? காட்டு."

வேண்டாம் என்றேன். காட்டச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கையை உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கி, இல்லாத அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, "இன்னாம்மா இது, அமாவாசையாட்டம் கீது" என்றேன். என் குரல் பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி, "கண்ண இன்னும் கொஞ்சம் சுருக்கணும்" என்றார்.

ஆடியில் மூன்று வெள்ளி போய்விட்டது. நாலாவது வெள்ளிக்குப் புது இஞ்சினோடு வண்டி படவேட்டுக்குக் கிளம்பியது. அதற்கு முதல் நாள் மாமா கடைக்கு வந்து, இஞ்சின் மாற்றியதற்கான தாளையும், ஃபில்டர் வாங்கிக்கொண்ட சீட்டையும் என்முன் வைத்தார்.

"லேமினேஷன் போடும்மா."

"வேணாம் மாமா. ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துத் தரேன்."

"சரி" என்றார். எடுத்துக் கொடுத்த ஜெராக்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓரம் கோணலாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். மறுபடி எடுத்தேன். அதுவும் கோணலாம். மூன்றாவது தடவை எடுத்துக் கொடுத்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

போகும்போது ஃபைலில் இருந்து கறுப்பு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். சுகன்யா அக்கா அதில் ஓட்டை போட்டு, மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறாள். வழவழப்பான பில்லை யாராவது நீட்டினால் நான் முதலில் அதைத்தான் காட்டுகிறேன். இது என்ன என்று கேட்பவர்களுக்கு, ஜெயவேல் மாமாவின் நாலாவது சர்வீஸ் என்று சொல்கிறேன்.