ஐந்து பேருக்கு ஒரு கொலை நாவல்

பயப்படுவதற்கென்றே ஆசைப்பட்டு நாவல் வாங்கியவர்கள் நாங்கள். தாலுகா கச்சேரிக் குமாஸ்தாக்கள் ஐந்து பேர். அப்போது பெயர்பெற்றிருந்த ஓர் ஆசிரியரின் துப்பறியும் நாவல்களுக்கு இருந்த கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. சென்னையிலிருந்து தபாலில் எங்களுக்கு ஒரே ஒரு பிரதிதான் கிடைத்தது. ஒருவர் முழுவதையும் வாசித்து முடிக்கும்வரை மற்ற நால்வரும் எப்படிப் பொறுப்பது? தையலைப் பிரித்து ஐந்து பங்காக்கினோம். முதல் பங்கை முடித்தவர் அதை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொள்வார்.

எங்கள் தலைமைக் குமாஸ்தாவான சிரஸ்தாருக்கு நாவல் என்றாலே ஆகாது. அதனால் பெயருக்குப் பதில் எண் வைத்துக்கொண்டோம். நான் மூன்றாம் ஆள். ஆனால் கச்சேரிப் புத்தி எங்கே போகும்? எந்தக் காகிதம் கைமாறினாலும் அதன்மேல் குறிப்பு எழுதாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு பங்கின் ஓரத்திலும் பென்சிலால் எழுதினோம்: "நான்காம் ஆளுக்கு. புதன் மாலை. வண்ணார்பேட்டைப் பாலம், மேற்குக் கோடி."

முதல் மூன்று பங்குகளும் பிரமாதம். முகமூடி போட்ட ரகசியச் சங்கம், பாழடைந்த பங்களா, கிணற்றுக்குள் சுரங்கம். வாசித்துவிட்டுப் பொழுது சாய்ந்தபின் கொல்லைக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. மனைவி சிரியோ சிரியென்று சிரித்தாள்.

ஜில்லாவின் பெரிய துரையை ரயிலில் வைத்துச் சுட்டுக் கொன்ற வருஷம் அது. போலீசார் வீடு வீடாகப் பெட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பென்சில் குறிப்புகள் மற்றவர் கண்ணுக்கு எப்படித் தோன்றும் என்று ஐந்து மண்டைகளில் ஒன்றுகூட யோசிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாப்பிட உட்கார்ந்திருந்தேன். மனைவி ஓடிவந்தாள். "போலீசுக்காரவ வந்திருக்காவ" என்றாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். இன்ஸ்பெக்டர் அலமாரியைத் துழாவி நான்காம் பங்கை எடுத்தார். அதன் முதல் வரியே, சங்கத்தின் எதிரியைத் தீர்த்துக்கட்ட நாள் குறித்தாகிவிட்டது என்பதுதான்.

"இது என்ன வே?"

"நாவலு."

"அட்டை எங்க?"

"அது அஞ்சாம் ஆளுகிட்ட இருக்கு" என்று உளறிவிட்டேன்.

அவர் ஓரத்துக் குறிப்பை வாசித்தார். முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். "அஞ்சு ஆளு இருக்கியளோ! பாலத்துக்கிட்ட வேற சந்திக்கியளாக்கும். யாரு யாருன்னு பைய யோசிச்சுச் சொல்லும் வே, அவசரமில்ல" என்றார்.

அதட்டவில்லை. கை ஓங்கவில்லை. ஆனால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு மனைவி நின்றாள். என் வேலை, அவள், அவள் வயிற்றுப் பிள்ளை, எல்லாம் கண்முன் வந்தன. நால்வர் பெயரையும் சொன்னேன். அவர் கேட்காத தகப்பனார் பெயர்களையும் தெருக்களையும்கூடச் சேர்த்துச் சொன்னேன்.

மத்தியானத்துக்குள் அட்டை அகப்பட்டது. நாவல்தான் என்று தெரிந்ததும் இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். பங்குகளையும் திருப்பித் தந்துவிட்டார். ஆனால் நான்காம் ஆள் வீட்டைச் சோதித்தபோது, டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய சுதேசிப் பாட்டு நோட்டீஸ் ஒன்று கிடைத்துவிட்டது. மூன்று நாள் அவரை அடைத்து வைத்தார்கள். வேலையும் போயிற்று. வள்ளியூரில் மைத்துனர் கடைக்குப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து இரண்டாம் ஆள் கடைசிப் பங்கை என் மேஜைமேல் போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதை ஆவலோடுதான் எடுத்தேன்.

கதாநாயகனைத் தூணில் கட்டிவைத்து, பழுக்கக் காய்ச்சிய கம்பியைக் காட்டி, கூட்டாளிகள் யாரென்று கேட்கிறார்கள். அவன் புன்னகை செய்கிறான். மூன்று பக்கத்துக்குப் பிரசங்கம் செய்கிறான். அப்புறம் முகமூடிக்காரர்களில் ஒருவன் அவனுடைய காணாமற்போன தம்பி என்று தெரிகிறது. கட்டு அவிழ்கிறது, கல்யாணம் நடக்கிறது, சுபம். எனக்கு வந்த ஆத்திரம்! ஊரே கொண்டாடும் அந்த ஆசிரியர், பயமுறுத்தியே பெயர் வாங்கியவர், பயந்தவன் ஒருவனையும் கண்ணால் கண்டதில்லை. நாக்கு ஒட்டுவதும், கேட்காததையும் சேர்த்துச் சொல்வதும் அந்தப் புஸ்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட கதைக்காகவா ஒரு மனிதன் வேலையை இழந்தான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து வள்ளியூர் போனேன். நான்காம் ஆள் கடையில் மிளகாய் வற்றல் நிறுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். என்னைக் கண்டதும் தராசைக் கீழே வைத்தார். என்ன சொல்வாரோ என்று படியோரமே நின்றுகொண்டேன்.

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உம்மை அடிச்சாவளா வே?"

ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவர் முகம் கெஞ்சியது. இல்லை என்று சொல்லத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன்.

"ஆமா. ரொம்ப அடிச்சிட்டாவ" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. "அடிச்சா யாரால தாங்க முடியும்" என்று சொல்லி, கடையை விட்டு இறங்கிவந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.