சாம்பல்கரைக்காரர்களின் மனு

பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது ஆன் மேரியின் பிழைப்பு. விருத்தாசலத்தில் சூளை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் அவள் கைக்கு ஈடு கிடையாது என்பார்கள். பாவம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் நடத்தும் விளையாட்டை அவர்கள் பார்த்ததில்லை.

கூடத்தில் பாய் விரித்து, நடுவில் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வைப்பாள். அதில் ஒரு கற்பனை நாடே இருக்கிறது: வரைபடம், மலை, சந்தை, ராஜா, டிராகன். ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்த நாட்டுக்குள் நுழையவேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று ஆடுகிறவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும்; பெரிய எண் விழுந்தால்தான் பலிக்கும். நடந்ததை ஆன் மேரி சொல்வாள். எப்பேர்ப்பட்ட வாய்! புத்தகத்தில் மழை என்று ஒரே ஒரு சொல் இருந்தால் போதும், கேட்கிறவன் செருப்பில் சேறு ஒட்டும். ஆனால் புத்தகத்தை மீறி எதையும் நடக்கவிடமாட்டாள். அதில் மகா பிடிவாதக்காரி.

அவள் தம்பி அகஸ்டின் மந்திரவாதி. கம்மாபுரம் பக்கத்திலிருந்து பைக்கில் வரும் திலீபன் வாள்வீரன். நிலக்கரிச் சுரங்கத்துக்கு அவன் ஊர் நிலத்தை எடுக்கிற பேச்சு அடிபட்டதிலிருந்து திலீபன் வாய்விட்டுச் சிரிப்பது இந்தப் பாயில் மட்டும்தான். அதற்காகவே காய்ச்சலில்கூட அவள் ஆட்டத்தை நிறுத்தியதில்லை.

அன்று கதை சாம்பல்கரை என்ற ஊருக்கு வந்தது. ஊருக்கு அடியில் நெருப்புக்கல் கிடக்கிறது. டிராகனுக்கு அது வேண்டும். அமாவாசைக்குள் ஊர் காலியாகவேண்டும். திலீபன் வாளை உருவுவான் என்று அவள் காத்திருந்தாள்.

"மனு குடுக்கலாங்க்கா," என்றான் அவன். "வூட்டுக்கு ஒரு வேலை. மாத்து எடம். எல்லாரையும் ஒண்ணா வக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "டிராகனுக்கு மனுவாடா? புஸ்தகத்துல சண்டதான் இருக்குது."

"எங்களுக்கும் நோட்டீஸ் வந்துடுச்சுக்கா," என்று சொல்லிவிட்டு எழுந்தான். வழக்கமான "போயிட்டு வரேன்"கூட வரவில்லை.

அவளுக்குத் திக்கென்றது. இப்போது விட்டால் இவன் திரும்பி வரமாட்டான். அவசர அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினாள். டிராகனின் செதிலுக்கு மட்டும் அரைப் பக்கம். ஊர் ஜனங்களுக்கு ஒரே வரி, ஏழைக் குடியானவர்கள் என்று. உயிராய் நேசித்த புத்தகத்தின் மேல் முதல்முறையாக அவளுக்குக் கோபம் வந்தது. மூடி ஓரமாகத் தள்ளினாள்.

"உக்காரு திலீபா. அந்த ஊர்ல யார் யாரு இருக்காங்கன்னு நீயே சொல்லு."

நின்றபடியே ஆரம்பித்தவன் நாலாவது வீட்டுக்கு வரும்போது உட்கார்ந்துவிட்டான். கறவை மாட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆதிலட்சுமி, ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டே போனான். அகஸ்டின் மனு எழுதினான். ஆன் மேரி டிராகனாகி, ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லி விசாரித்தாள். அந்த மாடு புது இடத்தில் எங்கே மேயும் என்றுகூடக் கேட்டாள்.

பிறகு பகடையை உருட்டினார்கள். மூன்று விழுந்தது.

இன்னொருவாட்டி உருட்டலாம் என்று அகஸ்டின் அக்காவுக்கு ஜாடை காட்டினான். அவள் தலையாட்டி மறுத்துவிட்டாள். பொய்யாக ஜெயிக்கவைத்து திலீபனின் கஷ்டத்தைக் கேலியாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"தோத்துட்டோம். ஊரு போயிடுச்சு," என்றாள்.

திலீபன் பகடையை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"உங்க டிராகன் வூடு வூடா கேட்டுச்சேக்கா. எங்க ஊர்ல இன்னும் யாரும் வந்து கேக்கல. அடுத்த ஞாயிறு எங்கம்மாவ இட்டாரேன். அவங்களயும் டிராகன கேக்கச் சொல்லுங்க."