வெற்றிலை பார்த்துக் கொடுக்கப் போனது

எனக்கு ஒழுங்காக எழுத வராது. அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒன்றை எழுதும்போது இன்னொன்று மறந்துவிடுகிறது, பிறகு நினைவு வந்ததும் நடுவில் செருகுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் நான். பெங்களூரில் நடந்ததை யாரிடமும் வாயால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அரூர் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறேன். எனக்கு ஒரே மகள். அவள் மூன்றாவது படிக்கும்போதே அவள் அப்பா இறந்துவிட்டார். களை எடுக்கப் போயும் கட்டட வேலைக்குச் சட்டி தூக்கியும் அவளைக் காலேஜ் வரை படிக்க வைத்தேன். கல்யாணமாகி பெங்களூர் போனவள் அங்கேயே வீடு கட்டிக்கொண்டாள். அவளுக்கும் ஒரே மகள். என் பேத்தி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எனக்குக் கன்னடம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது, பேச்சு தெரியும். பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம், கன்னடம் பேசுகிற வீட்டில் பிறந்தவள் நான். அரூர் பக்கம் கட்டிக்கொண்டு வந்த புதிதில் வாய் தவறி ஒரு வார்த்தை வந்துவிட்டால், "வந்துட்டா பாரு மைசூரு மகாராணி" என்று மாமியார் சிரிப்பார். அந்தக் கூச்சத்தில் விட்டுவிட்டேன். மகள் பிறக்கும் முன்பே என் அம்மாவும் இறந்துபோனாள், பிறந்த வீடும் விட்டுப்போனது. பிறகு அந்தப் பேச்சை யாரோடு பேசுவது? மகள் பெங்களூர் போன பிறகுதான் கன்னடம் கற்றுக்கொண்டாள். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியாது. நான் மறைக்கவில்லை. அவள் கேட்டதில்லை.

ஆவணி மாதம் மகள் போன் போட்டாள்.

"அம்மா, அடுத்த புதன்கிழம வூட்டுல ஒரு பூஜை வச்சிருக்குறோம். நீ வந்தாத்தான் ஆவும். எனக்குக் கச்சாயம் சுட வராது, வெத்தல தேங்காயும் பாத்து வாங்கத் தெரியாது."

அதிரசத்தைத்தான் எங்கள் பக்கம் கச்சாயம் என்போம். பாகுப் பதம் தப்பினால் எண்ணெயில் பிரிந்துபோகும். மகள் வேண்டும் என்று கூப்பிடுகிறாளே என்று எனக்குச் சந்தோஷம். வெல்லத்தையும் பச்சரிசியையும் பையில் கட்டிக்கொண்டு தர்மபுரி போய் பெங்களூர் பஸ் ஏறினேன்.

போனதிலிருந்து அடுப்படியில்தான் இருந்தேன். அரிசி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்து, பாகு காய்ச்சி, மாவைப் புளிக்கவிட்டு, கச்சாயமாகச் சுட்டு அடுக்கினேன். முறுக்கும் பிழிந்தேன். "ஒரு பூஜைக்கு எதுக்குக் கண்ணு இத்தன?" என்று கேட்டால், "தெருவுக்கே குடுக்கணும்மா" என்றாள் மகள். பேத்தி பக்கத்தில் நின்று உடைந்த கச்சாயமாகப் பார்த்து எடுத்துத் தின்றாள். "ஆயா, உன் கைய வெட்டி இங்கயே வச்சுக்கிட்டா தேவல" என்றாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது.

திங்கட்கிழமை பெரிய மார்க்கெட்டுக்குக் கிளம்பினோம். நான், மகள், பக்கத்து வீட்டு அம்மா. அந்த அம்மா கன்னடக்காரர், நல்ல மாதிரி. மகள் அவரை அக்கா என்று கூப்பிடுவாள். அங்கே பஸ்ஸில் பெண்களுக்கு இலவசமாம், அவர்கள் இரண்டு பேரும் காசு கொடுக்காமல் ஆதார் கார்டைக் காட்டினார்கள். நானும் என்னுடையதை எடுத்து நீட்டினேன். கண்டக்டர் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாட்டி, இது உங்க ஊரு கார்டு. உங்க ஊருல ஓசி, எங்க ஊருல டிக்கெட்" என்று தமிழிலேயே சொன்னார். பஸ்ஸே சிரித்தது. மகள்தான் எனக்கு டிக்கெட் எடுத்தாள்.

அவர்கள் இருவரும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். நான் அதற்குப் பின் சீட்டில், ஜன்னல் ஓரம். பாலத்தின் மேல் மெட்ரோ ரயில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அந்த அம்மா கன்னடத்தில் கேட்டார், உங்கள் அம்மா எப்போது ஊருக்குப் போகிறார் என்று.

மகளும் கன்னடத்திலேயே சொன்னாள். என் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"புதன்கிழமை சாயங்காலம் பஸ் ஏத்தி விட்டுடுவேன் அக்கா. வியாழக்கிழமை காலையிலேயே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துடுவாங்க."

"பேத்தி நிச்சயதார்த்தத்துக்கு அவங்க இருக்க வேணாமா?"

"அவங்க வீட்டுல ரொம்ப சாஸ்திரம் பார்ப்பாங்க. புருஷன் இல்லாதவங்க எதிரில் வந்தா முகம் சுளிப்பாங்க. அம்மாகிட்ட சொன்னா அழுவாங்க. சொல்லாம அனுப்பிட்டா ஒண்ணும் தெரியாது. திடீர்னு முடிவாச்சுன்னு அப்புறமா போன்ல சொல்லிக்கலாம்."

அந்த அம்மா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். கடைகளின் போர்டெல்லாம் கன்னடத்தில் இருந்தது. ஒரு எழுத்தும் புரியவில்லை. பேச்சும் அதுபோலவே புரியாமல் இருந்திருக்கக் கூடாதா.

நல்ல காரியத்தில் முன்னால் போய் நிற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாக எந்தக் கல்யாண வீட்டிலும் கடைசி வரிசையில்தான் உட்காருகிறேன். தட்டு எடுக்கக் கூப்பிட்டால்கூட, யாரும் சொல்லும் முன் நானே ஒதுங்கிவிடுவேன். அது பழகிப்போனது. ஆனால் மகள் பொய் சொல்லிக் கூப்பிட்டு, அடுப்பில் நிற்க வைத்து, வேலை முடிந்ததும் பஸ் ஏற்றத் திட்டம் போட்டிருந்தாளே, அதுதான் தாங்கவில்லை. என் கை சுட்ட கச்சாயம் சீர்த்தட்டில் ஏறலாம். நான் அந்த வீட்டில் இருக்கக் கூடாது.

மார்க்கெட்டில் இறங்கினோம். தரையெல்லாம் தண்ணீரும் முட்டைக்கோஸ் இலையும். மூட்டை தூக்குகிறவர்கள் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டே இடித்துப் போனார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பத்திரம்மா, வழுக்கும்" என்றாள். அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

தேங்காய் வாங்கினோம். குடுமி உள்ளதாக, கண் ஈரம் இல்லாததாக, ஆட்டிப் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். பேத்தியின் காரியமாயிற்றே, குறை வந்துவிடக் கூடாது என்றுதான் அப்போதும் தோன்றியது. என் புத்தியை என்ன சொல்வது.

வெற்றிலைக் கடைக்காரர் தமிழ்க்காரர். நுனி முறியாததாக, ஓட்டை இல்லாததாக, காம்பு வாடாததாக ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னாத்தா, வெத்தல வாங்குறியா, மாப்பிள்ள பாக்குறியா? முன்னால பின்னால எல்லாம் பாக்குற!"

நான் கடையில் பதில் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு வாயில் வந்துவிட்டது.

"மாப்பிள்ளையத்தான் எனக்குக் காட்ட மாட்டாங்களாம் சாமி. வெத்தலையையாச்சும் பாத்துக்குறேன்."

கடைக்காரர் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

"என்னம்மா சொல்ற?"

"வியாழக்கிழம நிச்சயமாமே."

"யாரு சொன்னாங்க உனக்கு?"

"நீதான் சொன்ன. பஸ்ஸுல."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் வாயில் கை வைத்துக்கொண்டு, "அஜ்ஜி, கன்னட பருத்தா?" என்றார். பாட்டி, கன்னடம் வருமா என்று கேட்டார். "பருத்தம்மா. நம்ம அம்மன பாஷெ" என்றேன். வரும், என் அம்மாவின் பாஷை என்று. ஐம்பது வருஷத்துக்கு மேலாக வாயில் வராத பேச்சு எப்படித்தான் வந்ததோ.

கடைக்காரர் வெற்றிலையைக் கட்டிக் கொடுத்தார். பூக்கடைகள் பக்கம் வந்ததும் மகள் அழ ஆரம்பித்தாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? நல்ல இடம். கை நழுவிப் போயிடும்னு பயமா இருந்துச்சு."

"நீ சொல்லியிருந்தா, கச்சாயத்தச் சுட்டு வச்சுட்டு மொத நாளே நானே கெளம்பியிருப்பேன். உம்புள்ளைக்கு நான் குறுக்க நிப்பனா?"

"போவாத. இருந்து பாத்துட்டுப் போ. உள்ரூமுல இருந்துக்க. கதவ லேசா சாத்திக்கலாம்."

"கதவுக்குப் பின்னால ஒளியறதுக்கு நான் என்ன திருடிக்கிட்டா வந்தேன்?"

அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பூக்காரப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மல்லிகைப் பூவை அந்த அம்மாதான் வாங்கினார்.

அன்று சாயங்காலம் பேத்தி வேலை முடிந்து வந்தாள். எல்லாம் அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. "சொல்ல வேணாம்னு அம்மாதான் சொன்னாங்க ஆயா" என்றாள். என் பக்கத்தில் நின்று கச்சாயம் தின்றபோதும் தெரியும். மகள் செய்தது ஒரு பங்கு என்றால் இது ரெண்டு பங்காக வலித்தது. அவளை ஒன்றும் சொல்லவில்லை. சின்னப் பெண், அவள் வாழப்போகிற இடம்.

புதன்கிழமை வரை இருக்கவில்லை. மறுநாள் காலையில் கிளம்பினேன். மருமகன் கார் எடுக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பெங்களூரில் தனியாகத் தெருவைக்கூடத் தாண்டினதில்லை நான். அன்றைக்குப் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஒரு பெண்ணிடம், ஓசூர் பஸ் எங்கே நிற்கும் என்று கன்னடத்தில் கேட்டேன். அவள் பஸ் ஏற்றிவிட்டு, இறங்கும் இடத்தையும் சொன்னாள். அங்கே இறங்கி, ஒரு ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அவர் ஆட்டோவில் ஏறச் சொல்லாமல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். ஓசூர் போய், கிருஷ்ணகிரி போய், தர்மபுரி போய், வீடு வந்து சேர்ந்தேன். வழியில் எங்கும் அழவில்லை. வீட்டுப் பூட்டைத் திறந்த பிறகுதான் அழுதேன்.

நிச்சயம் நல்லபடியாக நடந்ததாம். போட்டோ அனுப்பினார்கள். பேத்தி அழகாக இருந்தாள். தை மாதம் கல்யாணம். மகள் இரண்டு மூன்று தடவை போன் போட்டு, "கண்டிப்பா வரணும்மா, நான் அவங்ககிட்டப் பேசிட்டேன்" என்கிறாள். என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இனி அவள் எதற்காகக் கூப்பிட்டாலும், இதில் எது நிஜம் என்று என் மனசு தேடுமே. அதற்குத்தான் பயமாக இருக்கிறது. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

மார்க்கெட்டில் தேங்காய்க் கடை முன்னால் வந்ததா வெற்றிலைக் கடை முன்னால் வந்ததா என்று சரியாக நினைவில்லை. ஓசூருக்கு எந்த இடத்தில் பஸ் மாறினேன் என்பதும் மறந்துவிட்டது. கன்னட வார்த்தைகளைக் காதில் கேட்டபடி தமிழில் எழுதியிருக்கிறேன், அதிலும் பிழை இருக்கும். பெங்களூர் பழகின யாராவது இதைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். என் மகளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் அவளிடம் கொடுத்து சரிபார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.