பேச்சித்தாய் பிடித்த மண் பொம்மை

பேச்சித்தாய் அச்சன்புதூர் அரிசி ஆலைக் களத்தில் முப்பத்தொரு வருஷம் நெல் காயவைத்தவள். புழுங்கல் நெல்லைக் காலால் கிண்டிவிட்டு ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பாள். நறுக்கென்று உடைந்தால்தான் மூட்டை கட்ட விடுவாள்.

போன மாதம் செல்போனில், அமெரிக்காவின் நவஹோ பழங்குடி மக்களில் சிலர் செய்யும் மண் பொம்மைகளைப் பார்த்தாள். சுடுவதில்லை, வெயிலில் காயவைத்துத் துணி உடுத்திவிடுகிறார்கள்.

"இது நம்ம தொழிலுல்லா!" என்று சிரித்தாள்.

இலத்தூர்க் குளத்து மண்ணில் ஒரு பெண் பொம்மையைப் பிடித்தாள். கழுத்தை அழுத்திய இடத்தில் அவளுடைய இரண்டு பெருவிரல் ரேகைகளும் பதிந்தன. மறுநாள் சாரல் பிடித்தது; பிறகு விடவே இல்லை. நான்காம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டாள்.

பதினாறு முடிந்தது. மகன் புவனேஷ் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர். மறுநாள் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஓட்டு வீடு; ஒழுகும். இரண்டு சொட்டு விழுந்தால் ரேகை கரைந்துவிடும். சுட்டால் நிற்கும். பொம்மையைத் தினமும் எடை போட்டிருந்தான். கடைசி மூன்று நாளும் 405 கிராம். எடை குறையவில்லை, ஆகவே காய்ந்துவிட்டது.

"ஏலே, அம்ம இதச் சுடச் சொல்லலியே" என்றாள் அக்கா ஜெயபிரியா.

"அப்ப வெயில நீ கொண்டுவா."

தென்காசியில் மண்பானைச் சூளை வைத்திருந்த சிவனணைந்தபெருமாள் பொம்மையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"சில்லுங்குது தம்பி. உள்ள தண்ணி கெடக்கு. வெடிச்சிரும்."

"மூணு நாளா எடை மாறல அண்ணாச்சி."

"தராசு பெரிய ஆளுதான். வைக்கேன். வெடிச்சா எங்கிட்ட மூஞ்சியத் தூக்காத."

சூளை வாயருகே வைத்துத் தீ மூட்டினார். புவனேஷ் தள்ளி நின்றான். முதுகில் சட்டை ஒட்டியது. மூன்று நாள் கொடியில் கிடந்தும் காயாத சட்டை. அதை எடை போட்டிருந்தாலும் மாறியிருக்காது. காற்றே நனைந்திருந்தது, அதற்குமேல் மண் தண்ணீரை எங்கே விடும்?

உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம்.

"அண்ணாச்சி, எடுத்துருங்க!"

இடுக்கி உள்ளே போனது. பொம்மை வெளியே வந்தது. ஒரு கால் சிதறியிருந்தது. கழுத்தில் இரண்டு ரேகைகளும் அப்படியே இருந்தன.

"இங்கன சூளை மேட்டுல, அனல் படுற எடத்துல இருக்கட்டும். நாலு நாளாவது காயணும்" என்றார் பெருமாள்.

புவனேஷ் ஓசூருக்குப் போன் போட்டான்.

"நாலு நாள் லீவு வேணும் சார்."

"ஏன்? காரியமெல்லாம் முடிஞ்சிருச்சுல்ல?"

"அம்மா வேலை ஒண்ணு பாக்கி இருக்கு சார்."