வாசலோடு திரும்பியவர்கள்

தொண்ணூற்றாறு, நினைவில் வையுங்கள். நூற்றுக்கு அத்தனை பேர் திருப்தி என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்தது.

இரவு ஷிப்ட் முடிந்து ஓடிவந்த தையல்காரிக்கு மூன்றாவது நாளாக டோக்கன் கிடைக்கவில்லை. அவள் அம்மாவின் பிரஷர் மாத்திரை முந்தாநாளே தீர்ந்துவிட்டது. அங்கே கருத்துப் படிவத்தை மாத்திரையோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள்.

"சாப்ட்டு எழுந்தவன்கிட்ட பசிக்குதான்னு கேக்குறீங்களே சார்!" என்றாள் பெரிய டாக்டரிடம்.

"அப்ப திரும்பிப் போறவங்ககிட்ட நீயே கேளும்மா" என்று கிண்டலாக ஒரு கட்டுப் படிவத்தை நீட்டினார்.

அவள் வாசலிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதினாள். எல்லோருக்கும் ஒரே குறை: வேலை முடிந்து வருவதற்குள் டோக்கன் தீர்ந்துவிடுகிறது. டாக்டர் படிவங்களைப் படித்துப் பார்த்தார். அவளிடம் அம்மாவின் மாத்திரையைக் கொடுத்தனுப்பினார். மறுநாளே மாலை டோக்கன் தொடங்கினார்.

முதல் மாலை வந்தவர்கள், அந்தத் தொண்ணூற்றாறு கணக்கில் சேராதவர்கள், நூற்று முப்பத்தேழு பேர்.