பதினேழாம் எண் வீட்டு அட்டை

இதை நான் கனவில் காணவில்லை. திங்கட்கிழமை, காலை 11.10. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் எனக்கு இது நடந்தது.

வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டிகளில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. தெருவில் எனக்குப் பெயரே 'கொசுக்காரம்மா'தான். ஒவ்வொரு வாசல் கதவிலும் ஓர் அட்டை தொங்கும். வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, அதில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

பதினேழாம் எண் வீட்டில் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். அதற்கு முந்தைய திங்கட்கிழமை கதவைத் தட்டியபோது, "இருங்க, வர்றேன்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பின்னாலேயே தொப் தொப்பென்று சத்தம். துணி துவைக்கிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிடம் நின்றேன். இன்னும் நாற்பது வீடு பாக்கி. 'குளியலறைத் தொட்டி: பார்த்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நடையைக் கட்டினேன்.

பெரிய பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே, அதுதான் வாரம் முழுக்க உறுத்தியது.

அதனால் இந்த முறை முதலில் அங்கேதான் போனேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது.

"உள்ள வாங்க. இந்த வாட்டியாவது பாத்துட்டுப் போங்க."

ஆளைக் காணோம். குற்ற உணர்ச்சியோடு குளியலறைக்குள் நுழைந்து, தொட்டிக்குள் டார்ச் அடித்தேன். ஏகப்பட்ட புழுக்கள். வெளிச்சம் பட்டால் புழு சட்டென்று அடிக்குப் போய்விடும். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன்.

இவை போகவில்லை. மேலே வந்தன... எல்லாம் சேர்ந்து.

படார்.

கதவு சாத்திக்கொண்டது. 11.16.

இழுத்தேன். அசையவில்லை.

"அம்மா, கதவு மாட்டிக்கிச்சு."

"இருங்க, வர்றேன்."

குரல் வெளியிலிருந்து வரவில்லை.

என் முதுகுக்குப் பின்னால்...

திரும்பினேன். தொட்டி. சுவர். அவ்வளவுதான்.

போனில் சிக்னல் இல்லை. கதவைக் குத்தினேன். தொப்... தொப்...

11.40. கை வீங்கியது.

12.05. கத்திக் கத்திக் குரல் கம்மிப்போனது.

"இருங்க..."

குரல் தேய்ந்துகொண்டே போனது.

12.30க்குக் கதவு நெம்பித் திறக்கப்பட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர். கையில் சாவிக்கொத்து.

"எப்படிம்மா உள்ள வந்தீங்க? வாசல் பூட்ட இப்பதான் நான் தொறந்தேன். ஆளில்லாத வீட்டுல யாரு துணி துவைக்கிறான்னு பாக்க வந்தேன்."

என்னை வாசலில் உட்காரவைத்து, பிறகு சொன்னார். அந்த அம்மாளுக்குக் கடும் காய்ச்சலாம். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை குளியலறைக்குப் போனவர், அந்த ஊறிப்போன கதவு மாட்டிக்கொண்டதில் வெளியே வர முடியவில்லை. இவர் ஊரில் இல்லை. புதன்கிழமை வந்துதான் கதவை நெம்பியிருக்கிறார்.

"செவ்வாக்கிழமைதான் உயிர் போயிருக்குன்னு டாக்டர் சொன்னாரு."

தலைக்கு மேல் அட்டை காற்றில் ஆடியது.

திங்கட்கிழமை. குளியலறைத் தொட்டி: பார்த்தாயிற்று.

என் கையெழுத்து.